நூலகத் தலைமைப் பயிற்சி முடித்தவர்களின் ஒன்றுகூடல்: டீச்சர் பதில்கள்

நூலகத்தை முன்நின்று நடத்தக் கற்றுத்தரும் நூலகத் தலைமைப் பயிற்சியை முடித்த, கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூக்கா, தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் மறுபடி கூட நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் டீச்சரிடம் அவர்கள் கேட்டவை இவை.

எந்த நாளில் வைக்கலாம், டீச்சர்? (கொழிஞ்சாம்பாறை)

இரண்டாம் சனிக்கிழமை வையுங்கள். தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களுக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. கேரளத்தில் நம் பக்கம் வாசகசாலையை (ஊர் நூலகத்தை) நடத்துகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அரசு ஊழியர்களுக்கு இங்கேயும் அன்று விடுமுறைதான். மாதத்தையும் பாருங்கள். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19 முதல் ஜூலை 7 வரை கேரளத்தில் வாசிப்புக் கொண்டாட்டம், ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். மார்ச்சில் கணக்கு முடிக்கிற அவசரம். ஆகஸ்ட்தான் என் விருப்பம். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனை நினைத்து 12ஆம் தேதி நூலகர் தினம் கொண்டாடுகிறோம். இரண்டாம் சனி எப்படியும் 8க்கும் 14க்கும் நடுவில் வந்துவிடும்.

போன தடவை பொன்னாடையிலும் பேச்சிலுமே பொழுது போய்விட்டது. வேறென்ன செய்வது? (மீனாட்சிபுரம்)

பொன்னாடை, மேடை, சிறப்பு விருந்தினர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் நூலகத்தில் இப்போது தீராமல் கிடக்கிற ஒரு சிக்கலோடு வரட்டும். ஐந்தாறு பேராக வட்டமாக உட்காருங்கள், ஆளுக்கு இருபது நிமிடம். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், யோசனை அப்புறம்தான். இதில் கண்டிப்பாக இருங்கள். சிக்கல் என்றால் இப்படி: செயலாளரும் நூலகரும் பேசிக்கொள்வதில்லை. பிள்ளைகள் தமிழ் மீடியம், அலமாரியிலோ மலையாளப் புத்தகங்கள். பழைய கமிட்டிக்காரர்கள் பொறுப்பை விடமாட்டேன் என்கிறார்கள். பயிற்சியில் இதையெல்லாம் உதாரணமாகக் கேட்டோம். இன்று நம் தலையிலேயே விழுந்திருக்கிறது. இதை மனம்விட்டுப் பேச நமக்கு வேறு இடம் கிடையாது, அதற்காகவே கூட வேண்டும். அங்கே பேசியது ஊர்க் கமிட்டிக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளம்பும்முன் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, மூன்று மாதம் கழித்து ஒருவரையொருவர் போனில் விசாரியுங்கள்.

எங்கள் பேட்ச் மட்டும் கூடினால் போதாதா? (பொள்ளாச்சி)

போதாது. ஒரே பேட்ச் என்றால் வருடா வருடம் தலை குறையும். அமெரிக்காவில் டெக்சஸ் நூலகச் சங்கம் 1994இல் 'டால் டெக்சன்ஸ்' என்ற தலைமைப் பயிற்சியைத் தொடங்கியது. அதை முடித்தவர்களுக்குச் சங்கத்துக்குள்ளேயே தனி வட்டம் உண்டு, எந்த ஆண்டில் படித்தவரும் அதில் சேரலாம். நீங்களும் அடுத்த பேட்சைக் கூப்பிட்டு, நடத்துகிற பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள்.

தமிழிலா, மலையாளத்திலா? (கொல்லங்கோடு)

பேச்சு அவரவர் மொழியில் இருக்கட்டும், எல்லோருக்கும் புரியும். எழுதி அனுப்புகிற குறிப்பு மட்டும் இரண்டிலும் வேண்டும். மலையாளம் சரளமாகப் பேசுகிற நம்மில் பலருக்கு அதை வாசிக்க வராது.

செலவை நூலக மானியத்தில் எடுக்கலாமா? (வேலந்தாவளம்)

கூடவே கூடாது. அது நூலகத்துக்கு வந்த பணம். ஆளுக்குச் சமமாகப் போடுங்கள். வாசகசாலை மாடி போதும், காலைக்கு ராமசேரி இட்லி சொல்லிவிடுங்கள்.

நூலக வேலையை விட்டுப் போனவர்களையும் அழைக்கலாமா? (முதலமடை)

கட்டாயம் அழையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். 'நான்தான் விட்டுட்டேனே' என்று கூச்சப்படுவார்கள், அதனால் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும். நல்ல ஆட்கள் ஏன் விலகுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வந்தால் முதல் வட்டத்தில் அவர்களைப் பேச வையுங்கள்.