நிறுத்தி வைத்த காரில் யாரைத் தெரிவு செய்தீர்கள்?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு கேபிள் டிவிக்கு வாரம் ஒருமுறை அரை மணிநேர வாகன நிகழ்ச்சி செய்கிறேன். இருந்த இரண்டு அறிவிப்பாளர்களில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார், மற்றவர் கொழும்பில் வேலை எடுத்துவிட்டார். புதிதாக இரண்டு பேரை எடுக்க 11 பேரைக் கூப்பிட்டு ஒடிசன் வைத்தோம். (அக்காவின் மகனுக்கு லைசன்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் எல்லாரையும் நிறுத்தி வைத்த காரிலேயே எடுத்தோம்.) மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். அக்காவின் மகனுக்கு 22 வயது, பேச்சும் தோற்றமும் நல்லது. களுவாஞ்சிகுடியில் இருந்து வந்த ஆசிரியை தெளிவாகக் கதைக்கிறார், ஆனால் வெளியூர்ப் படப்பிடிப்புக்கு வீட்டில் விடுவார்களோ தெரியாது. ஏறாவூரில் கராஜில் வேலை செய்யும் இளைஞருக்கு விசயம் நிறையத் தெரியும், கமராவைக் கண்டால் தலையைக் குனிந்துவிடுகிறார். யாரை எடுப்பது? அக்காவின் மனமும் நோகக்கூடாது.
பெயர் வேண்டாம், கல்லடி

பதில்:

தம்பி, யாரை எடுப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்த அந்த ஒற்றை வரிக்கு வாருங்கள். ஒருவருக்கு லைசன்ஸ் இல்லை. அதற்காகப் பதினொரு பேருக்கும் காரை நிறுத்திவிட்டீர்கள். வாகன நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிற நாளில் வாகனம் ஒரு அடி நகரவில்லை. பிறகு யார் நல்லவர் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

"கைக்கு வரவில்லை" என்ற சொல்லையும் பார்த்தேன். டிரயல் (ஓட்டப் பரீட்சை) பாஸ் பண்ணி, கார்ட் மட்டும் வராமல் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த தற்காலிக அனுமதிப்பத்திரம் கையில் இருந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு ஓடலாம். அது இருந்திருந்தால் நீங்கள் காரை நிறுத்தியிருக்கத் தேவையே இல்லை. ஆகவே மருமகன் டிரயலுக்குப் போகவில்லை, அல்லது போய்த் தவறிவிட்டார். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் அந்த வரி அடைப்புக்குறிக்குள் போய் ஒளிந்திருக்கிறது.

இதனால் ஆகக்கூட நட்டப்பட்டது ஏறாவூர் இளைஞர். கமராவைப் பார்க்கவில்லை என்று அவருக்குப் புள்ளி குறைத்திருப்பீர்கள். ஸ்டியரிங் பிடித்தவர் கமராவைப் பார்க்கவே கூடாது! மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற கார் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டு இரண்டு செக்கன் லென்ஸைப் பார்த்தால் 28 மீற்றர் வீதியை யாருமே பார்க்கவில்லை. மருதமுனையிலோ காத்தான்குடியிலோ அந்தத் தூரத்துக்குள் ஒழுங்கையில் இருந்து ஒரு சைக்கிள் வந்துவிடும். நிற்கிற காரில் குற்றமாகத் தெரிந்த பழக்கம், ஓடுகிற காரில் அவரை முதல் ஆளாக ஆக்கியிருக்கலாம். நிற்கிற காரில் உங்கள் மருமகனைப்போல் லென்ஸைப் பார்த்துக் கதைக்கிறவர் மட்டும்தான் வெல்ல முடியும். பரீட்சைத் தாளை அவருக்குத் தெரிந்த பாடத்தில் மட்டும் தயாரித்திருக்கிறீர்கள்.

நல்ல அறிவிப்பாளர் எடுப்பது பெரிய இடத்திலும் சறுக்குகிற வேலைதான். பிபிசியின் வாகன நிகழ்ச்சி 'டொப் கியர்' 2002இல் புதிதாகத் தொடங்கியபோது இருந்த மூவரில் ஒருவரை அடுத்த ஆண்டே மாற்றி ஜேம்ஸ் மே வந்தார். அதற்குப் பிறகுதான் உலகம் பார்த்த அந்தக் கூட்டணி அமைந்தது. 2015இல் தலைமை அறிவிப்பாளர் ஜெரமி கிளார்க்சன் போனபின் பொதுமக்களிடம் 30 செக்கன் வீடியோ கேட்டு ஆள் தேடினார்கள். ரோரி ரீட் அந்த வழியால் வந்தவர். தலைமை அறிவிப்பாளராகப் போட்ட பிரபலம் கிறிஸ் எவன்ஸ் 2016இல் ஒரு தொடரோடு விலகினார். 2022 டிசம்பரில், மூடிய ஓடுதளத்தில், அனுபவப்பட்ட குழு சுற்றி நிற்க, அதன் அறிவிப்பாளர், முன்னாள் கிரிக்கெட் வீரர் அன்ட்ரூ பிளின்டொஃப் பாரதூரமாகக் காயப்பட்டார். 2023 நவம்பரில் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தி வைப்பதாக பிபிசி அறிவித்தது. அவர்களுக்கே அப்படியென்றால், லைசன்ஸ் இல்லாத பிள்ளையைக் கல்முனை வீதியில் ஏற்ற நினைப்பதை என்னவென்று சொல்வது? ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பனி காசு தர மறுக்கலாம். நீதிமன்றத்தில் மருமகனோடு சேர்ந்து கார் கொடுத்த நீங்களும் நிற்பீர்கள். அப்போது அக்காவின் மனம் நோகாதா?

அந்தப் பெறுபேற்றைக் கிழித்துப் போடுங்கள். பதினொரு பேரில் மருமகன் தவிர்ந்த பத்துப் பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். லைசன்ஸ் பிரதியை முதலில் வாங்கி, காலாவதித் திகதியைப் பாருங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

எல்லாருக்கும் ஒரே கார். விற்பனைக்காரரிடம் வாங்க வேண்டாம், அவர் கார் தந்த நாளில் இருந்து நிகழ்ச்சி அவருடையது. ஒரு குடும்பம் ஓடித் தேய்ந்த டொயோட்டா அக்குவா போதும், உங்கள் நேயர் வாங்குவது அதைத்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தானே திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை ஏறிய கதை எல்லாருக்கும் தெரியும். சம்மாந்துறையில் ஒருவர் வேளாண்மைக் காசை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, உங்கள் அறிவிப்பாளர் சொன்ன சொல்லை நம்பிப் பத்து வருடக் கார் வாங்குவார். அந்தப் பொறுப்பு இந்த வேலையில் இருக்கிறது.

முதல் பரீட்சைக்கு ஸ்கிரிப்ட் இல்லை, ஃபோனும் இல்லை. காரோடு 15 நிமிடம் தனியே விடுங்கள், பிறகு மூன்று நிமிடம் கதைக்கச் சொல்லுங்கள். எங்கே கை வைக்கிறார் என்று பாருங்கள். அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் ஃபேன் காருக்குள் இருக்கும் காற்றைப் பின்சீட்டுப் பக்கத்துத் துவாரத்தால் இழுக்கிறது. கல்லடிக் கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளின் மணலும், சீட் துணியின் நூலும் தூசும் அங்கேதான் போய் அடைக்கும். அடைத்தால் பற்றரி சூடேறும், ஃபேன் இரையும், பற்றரியின் ஆயுள் குறையும். பளபளக்கிற பெயின்றைத் தடவிக்கொண்டு நிற்பவரை விட்டுவிடுங்கள். குனிந்து அந்தத் துவாரத்தில் விரலை விட்டு, விரல் நுனியில் வந்த தூசியைக் காட்டி "இதைத் துப்புரவாக்கி எவ்வளவு காலம்?" என்று சொந்தக்காரரைக் கேட்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு தகவல் தாள் கொடுங்கள். அதில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுங்கள். அக்குவாவுக்கு 1,500 சிசி எஞ்சின். நீங்கள் 1,300 என்று எழுதுங்கள். அப்படியே வாசிப்பவர் நாளைக்கு விளம்பரக்காரர் எழுதிக் கொடுப்பதையும் அப்படியே வாசிப்பார்.

இனி ஓட்டம். காலை ஆறரைக்குக் கல்லடியில் தொடங்குங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, வலப்பக்கம் திரும்பி மண்முனைப் பாலம், அங்காலே படுவான்கரை. நெரிசல், நேர் வீதி, கிறவல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். கமராவை டாஷ்போர்டின் இடது மூலையில், ஓடுபவரின் கண் உயரத்துக்குப் பொருத்துங்கள். காலையில் தெற்கே போகும்போது சூரியன் இடது கண்ணாடியால் வரும், முகம் வெளிச்சமாக இருக்கும். பின்னேரம் என்றால் வடக்கே வருகிற பக்கம் எடுங்கள். மாறி எடுத்தால் முகத்தின் கமராப் பக்கம் இருண்டுபோகும், பிறகு எடிட்டிங்கில் எவ்வளவு தூக்கினாலும் சரிவராது. கொலர் மைக்கை இடது பக்கத்தில் குத்துங்கள். வலது தோளால் சீட் பெல்ட் வருகிறது, அதில் உரசினால் பேச்சு முழுக்கக் கரகரப்பு. கண்ணாடி மேலே, ஏசி ஃபேன் ஒன்றில்.

இரண்டாவது சின்னக் கமரா ஒன்றை வேகமானிக்கு நேரே வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையான விடை அங்கேதான் இருக்கிறது. வாய் திறந்தவுடன் சிலருக்குக் கால் தளரும், கார் 50இல் இருந்து 35க்கு விழும், பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடிக்கும். சிலருக்குக் கதை சூடேற வேகமும் ஏறும். ஒவ்வொரு வசனத்துக்கும் வேகம் பத்துக்கு மேல் ஆடினால் அவருக்கு இரண்டு வேலையும் ஒன்றாக வராது, இன்னும் பழக வேண்டும். வசனத்தின் நடுவில் வீதிக்கு மாடு இறங்குகிறது என்று வையுங்கள். பேச்சை வெட்டி, பிரேக் பிடித்து, மாடு கடந்தபின் விட்ட சொல்லிலேயே வசனத்தைத் தொடர்கிறாரா? அந்த ஆளைக் கையை விட்டுவிடாதீர்கள். அறுவடைக் காலமென்றால் படுவான்கரையில் பாதி வீதியில் நெல் காயும். அதன்மேல் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு, எவ்வளவு அழகாகக் கதைத்தாலும், நான் புள்ளி போடமாட்டேன்.

வழியில் லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஓடுகிற ஒருவரை நிறுத்தி மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். "பொனட்டைத் திறவுங்கோ, சத்தம் எங்கால வருது?" என்று இங்கத்தைய பேச்சில் கேட்டால் அந்த மனிசன் வாய் திறப்பார். சென்னை டிவியின் இழுவைப் பேச்சில் கேட்டால் வெட்கப்பட்டு ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்.

கடைசியாக மிஞ்சுகிற நான்கு பேரைச் சோடி மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். நான்கு பேருக்கு ஆறு சோடி வரும், சோடிக்குப் பத்து நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம். ஒரு காரை வாங்கலாமா வேண்டாமா என்று தர்க்கப்பட விடுங்கள். தனியே மின்னியவர் பக்கத்தில் ஆள் வந்தவுடன் வெட்டி வெட்டிக் கதைப்பார். தனியே மங்கியவர் பக்கத்து ஆளின் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். ஏறாவூர் இளைஞருக்கு இந்தப் பரீட்சை கட்டாயம் கொடுங்கள். லென்ஸுக்குப் பதில் ஒரு மனித முகத்தைப் பார்த்துக் கதைக்கும்போது அவர் எப்படி என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

புள்ளி போட மூன்று பேர்: ஒரு கராஜ் பாஸ் (கைதேர்ந்த மெக்கானிக்), உங்கள் எடிட்டர், தினமும் ஸ்கூட்டி ஓடுகிற ஒரு பெண். மூவரும் தனித்தனியே எழுதி மடித்துத் தந்தபின்தான் வாய் திறக்க வேண்டும். ஓட்டத்துக்குப் புள்ளி வேண்டாம், பாஸ் அல்லது ஃபெயில். நீங்கள் புள்ளி போட வேண்டாம். ஒருமுறை வளைத்த கை.

ஆசிரியையைப் பற்றி "வீட்டில் விடுவார்களோ தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? அம்பாறைக்கோ பொத்துவிலுக்கோ மாதம் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் திரும்புவது, கூட யார் வருவது, இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அவரிடமே கேளுங்கள். அவருடைய வீட்டுக்காகப் பதில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது அக்கா. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சும்மா உறவு இல்லை. காது குத்துக்கும் கலியாணத்துக்கும் முன்னுக்கு நிற்கிறவர் மாமன்தான். அக்கா உங்களிடம் எதிர்பார்ப்பதில் பிழை இல்லை. ஆனால் 22 வயது வரை அந்தப் பிள்ளைக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுக்காத மாமன், அதை மறைக்கப் பத்துப் பிள்ளைகளின் காரை நிறுத்தினார் என்றால் அது உதவியா? அந்தப் பத்துப் பேருக்கும் அக்கா இருக்கிறார், அம்மா இருக்கிறார். அக்கரைப்பற்றில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைக்கும் ஒரு மாமன் இருந்திருப்பார், அவரிடம் டிவி நிகழ்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

மருமகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். மருத்துவச் சான்றிதழுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்துப் பரீட்சைக்குப் படிக்க வையுங்கள். எல் போர்ட் மாட்டி, சாரதிப் பயிற்சிப் பள்ளி ஆளை வைத்து, குறைந்தது மூன்று மாதம் கிழமைக்கு மூன்று நாள் ஓட்டம். பக்கத்தில் இருந்து பழக்குகிறேன் என்று நீங்கள் தொடங்க வேண்டாம், சொந்தக்காரர் பழக்கினால் சத்தம்தான் கூடும். அதுவரை நிகழ்ச்சியில் வேலை கொடுங்கள், சம்பளத்தோடு. காலையில் டயரில் காற்றுப் பார்த்து, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டு எழுதட்டும். எந்தக் காட்சி எத்தனையாவது கிளிப் என்று குறிப்புப் புத்தகம் வைக்கட்டும். கராஜ் பாஸிடம் போய் இருந்து கேட்டுப் பழகட்டும். அடுத்த முறை இடம் வெறுமையானால் எல்லாரையும்போல வரிசையில் வந்து ஓடிக் காட்டட்டும்.

பத்துப் பேருக்கும் நீங்களே கோல் எடுங்கள், உதவியாளரிடம் கொடுக்க வேண்டாம். "ஒடிசனைப் பிழையாக வைத்துவிட்டோம், திரும்ப வைக்கிறோம், பஸ் காசு நாங்கள் தருகிறோம்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் முதல் கோலை எடுப்பதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போங்கள். மருமகனும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிக் கதைக்க வேண்டாம். போகும்போது மருத்துவச் சான்றிதழுக்கு எந்த நாள் போவது என்று முடிவு பண்ணிக்கொண்டே போங்கள்.