கொலை வழக்கு: வெளியில் பேசுவதும் கோர்ட்டில் நிற்பதும் (வாசகர் கேள்வி-பதில்)

கொலை வழக்கு ஒன்று செய்திகளில் ஓடத் தொடங்கினால் எங்களுக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். அவற்றில் அடிக்கடி வருபவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். விசாரணையில் இருக்கும் வழக்குகளைத் தொடவில்லை. சட்டத்தையும், தீர்ப்பாகி முடிந்த வழக்குகளையும் வைத்தே பதில் சொல்கிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. எண்கள் மாறின, கீழே பேசும் விஷயங்களில் சாரம் பெரிதாக மாறவில்லை. தேவையான இடத்தில் பழைய எண்ணையும் தருகிறோம்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார், போலீசில் பரபரப்பு வாக்குமூலம்" என்று செய்தி வருகிறது. ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு?

அந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பதால்தான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவரைச் சட்ட மொழியில் இப்படித்தான் சொல்வார்கள்) எதிராக நிரூபிக்கவே கூடாது என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு (பழைய 25, 26). செய்தியில் பக்கம் பக்கமாக வரும் "நான் ஏன் கொன்றேன்" கதை நீதிபதியின் மேசைக்குப் போகாது.

ஒரு ஓட்டை உண்டு. எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள சொற்கள் மட்டும் சாட்சியமாகும் (பழைய 27). இதன் எல்லையை 1946-ல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) புலுக்குரி கோட்டையா வழக்கில் வரைந்தது. "என் வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்ற பகுதி உள்ளே வரும். "அதைக் கொண்டுதான் அவனைக் குத்தினேன்" என்ற பகுதி வெளியே போய்விடும். கத்தி இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியும் என்பதுதான் நிரூபணமாகிறது. அந்தக் கத்திதான் கொலை செய்தது என்பதை ரத்தப் பரிசோதனை, காயத்தின் அளவு, மருத்துவர் சாட்சியம் ஆகியவற்றால் தனியாகக் காட்ட வேண்டும்.

இந்தக் கண்டெடுப்புகள் அடிக்கடி உடைவது மகஜரில்தான் (பொருளை எடுத்ததைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்). எல்லோரும் வந்துபோகும் முள்ளுக்காட்டில் எடுத்தது, போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தில் எடுத்தது, சாட்சி ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது, பொருளுக்கு அங்கேயே சீல் வைக்காமல் விட்டது: குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்பு முதலில் தேடுவது இவற்றைத்தான்.

தமிழ்நாட்டு வழக்குகளில் "எதிரி வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து ஒப்புக்கொண்டார்" என்ற வரியையும் நிறையப் பார்க்கலாம். வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி அல்ல, எனவே அவரிடம் சொன்னது சட்டப்படி தள்ளுபடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் முன்பின் பழக்கமில்லாத ஓர் அலுவலரிடம் ஒருவர் வலியப் போய்க் கொலையை ஒப்புக்கொள்வாரா என்ற கேள்வியை எந்த நீதிபதியும் கேட்பார். எங்கள் கணிப்பில் இது பலவீனமான சாட்சியம். இதை மட்டும் நம்பி வழக்கை நடத்துவது ஆபத்து.

கனமானது மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலம் (புதிய நடைமுறைச் சட்டம் 183, பழைய 164). "நீ சொல்லக் கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்று மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தருவார், போலீசை அறையில் வைத்துக்கொள்ள மாட்டார், முடிவில் சான்றுக் குறிப்பு எழுதுவார். எச்சரிக்கையை வெறும் சடங்காக்கினால் பின்னால் வாக்குமூலமே விழுந்துவிடும்.

கொலைக்கான காரணமே தெரியவில்லை என்கிறார்கள். அப்படியானால் விடுதலைதானே?

இல்லை. முன்விரோதம், சொத்துத் தகராறு போன்ற உள்நோக்கம் வேறு; கொல்ல வேண்டும் என்ற எண்ணம் வேறு. சட்டம் கட்டாயம் கேட்பது இரண்டாவதை. கண்ணால் கண்ட சாட்சி நம்பும்படி இருந்தால் உள்நோக்கம் நிரூபணமாகாவிட்டாலும் தண்டனை கிடைக்கும். மனிதன் மனதில் என்ன ஓடியது என்பதை எல்லா வழக்கிலும் தோண்டி எடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

கண்ணால் கண்டவர் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பிய வழக்கில் கணக்கு மாறும். சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகளைச் சொன்னது. சுருக்கமாகச் சொன்னால், சாட்சியச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும்; எல்லாம் சேர்ந்து எதிரியின் குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும்; வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட சங்கிலியில் உள்நோக்கமும் ஒரு கண்ணி. அது இல்லாவிட்டால் எதிரிக்குச் சாதகம்.

உள்நோக்கம் பலமாக இருப்பதாலேயே வழக்கு பலமாகிவிடாது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் "இந்துநேசன்" ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்தவர். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானபோது காரணம் ஊருக்கே புரிந்ததாக இருந்தது. ஆனால் அந்தப் பத்திரிகையில் அடிபட்ட ஒவ்வொருவருக்கும் அதே காரணம் இருந்ததே! பலருக்குப் பொருந்தும் நோக்கம் யாரையும் தனித்துக் காட்டாது. 1945-ல் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்து முடிவு சொல்ல வைக்கும் குழு) விசாரணையில் இருவருக்கும் ஆயுள் தண்டனை, மேல்முறையீடும் தள்ளுபடி, பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்த பிறகு 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

"ஆத்திரத்தில் செய்துவிட்டார், கொலைக் குற்றம் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானாவதி வழக்கில் அப்படித்தானே விட்டார்கள்?

நானாவதி வழக்கைப் பற்றி மக்கள் நினைவில் இருப்பதும் தீர்ப்பில் இருப்பதும் நேர் எதிர்.

1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் காவஸ் நானாவதியிடம் மனைவி சில்வியா, பிரேம் அஹுஜாவுடன் தனக்கு உறவு இருப்பதைச் சொல்கிறார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிடுகிறார். கப்பலுக்குப் போகிறார். பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கி ஒரு உறையில் போட்டுக்கொள்கிறார். அஹுஜாவின் கார் ஷோரூமுக்குப் போகிறார், ஆள் இல்லை. பிறகு வீட்டுக்குப் போகிறார். குளித்துவிட்டுத் துண்டோடு நின்ற அஹுஜாவை மூன்று குண்டுகள் துளைத்தன.

எதிரித் தரப்பு முதன்மையாகச் சொன்னது ஆத்திரத்தை அல்ல. "இருவரும் ரிவால்வருக்குப் போராடியபோது தற்செயலாக வெடித்தது" என்பதே அவர்கள் கதை. அது கோர்ட்டில் மாட்டிக்கொண்டது துண்டில். கைகலப்பு நடந்திருந்தால் இடுப்புத் துண்டு அவிழாமல் எப்படி இருந்தது என்று அரசுத் தரப்பு கேட்டது. ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை இழுக்க வேண்டும். ஒன்று தற்செயல் என்றால் மூன்றும் தற்செயலா? சுட்டபின் அங்கே வந்த அஹுஜாவின் சகோதரியிடம் "தவறி வெடித்துவிட்டது" என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

திடீர் ஆத்திரம் என்ற மாற்று வாதமும் நிற்கவில்லை. அந்த விதிவிலக்குக்கு (தண்டனைச் சட்டம், பழைய 300-ன் முதல் விலக்கு, இப்போது 101) ஆத்திரமூட்டல் கடுமையாகவும் திடீரெனவும் இருக்க வேண்டும், அந்தக் கட்டுப்பாடிழந்த நிலையிலேயே கொலை நடந்திருக்க வேண்டும், எதிரி அதை வலியத் தேடிப் போயிருக்கக் கூடாது. மதியம் 1.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் சுட்டது 4.20-க்கு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், இடையில் தியேட்டர், கப்பல், ஷோரூம். மனம் ஆற இது போதும் என்று 1961 நவம்பர் 24-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கொலைக் குற்றத்தையும் ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது.

அப்படியானால் "விட்டது" யார்? ஜூரி. 8-க்கு 1 என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றார்கள். "பிளிட்ஸ்" வார இதழ் பக்கம் பக்கமாக அவருக்காக எழுதியது. தெருவில் அஹுஜா துண்டு என்று கூவி விற்றதாகச் சொல்வார்கள். செஷன்ஸ் நீதிபதி ஜூரியின் முடிவை ஏற்காமல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கேதான் தண்டனை வந்தது. 1964-ல் அவர் வெளியே வந்தது கவர்னரின் மன்னிப்பால். எந்தக் கோர்ட்டும் அவர் ஆத்திரத்தை ஏற்கவில்லை. இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு இதுதான் என்பதும் தவறு. சில இடங்களில் அதற்குப் பிறகும் ஜூரி இருந்தது.

விதிவிலக்கு ஏற்கப்பட்டாலும் "ஒன்றும் ஆகாது" என்றில்லை. கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று இறங்கும். அதற்கும் ஆயுள் வரை தண்டனை உண்டு (105). நீண்டகாலக் கொடுமையால் உள்ளே கனன்று வந்த ஆத்திரத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் ஒரு வழக்கில் சொன்னது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட தாயின் வழக்கு அது. நல்லதங்காள் கதையை நினைவூட்டும் அந்தத் தீர்ப்பு, திடீரென்பதற்கு நம் மண்ணில் வேறொரு அளவுகோலும் உண்டு என்று காட்டியது. அந்த அளவுகோலை, பழிவாங்கத் திட்டமிட்டவர்களுக்கு நீட்டிப் பேசுவது சரியல்ல.

குடிபோதையில் செய்ததாகச் சொன்னால்?

தானாகக் குடித்தவருக்கு அது எதிர்வாதம் ஆகாது. அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ பிறர் கொடுத்திருந்தால்தான் புதிய தண்டனைச் சட்டத்தின் 23-வது பிரிவு உதவும்.

மனநலம் சரியில்லை என்று சர்டிபிகேட் வாங்கித் தப்பிவிடுவார்கள் அல்லவா?

சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். 1843-ல் லண்டனில் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்ட மெக்நாட்டன் விடுதலையானபோது எழுந்த விவாதத்தில் பிறந்த விதியே நம் தண்டனைச் சட்டத்தின் 22-வது பிரிவுக்கு (பழைய 84) அடிப்படை. நோய் இருந்தது என்பது போதாது. செயல் நடந்த அந்த நேரத்தில், நோயின் காரணமாக, தான் செய்வது என்னவென்றோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் மனநோயும் சட்டம் சொல்லும் மனநிலை பிறழ்வும் ஒன்றல்ல.

நிரூபிக்கும் சுமை எதிரியுடையது (சாட்சியச் சட்டம் 108). ஆனால் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, இருந்திருக்கக்கூடும் என்ற அளவு போதும். இதற்கு உதவுவது கைதுக்குப் பின் வாங்கிய சர்டிபிகேட் அல்ல. சம்பவத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரி சீட்டுகள், மருந்து வாங்கிய பில், மருத்துவரின் குறிப்பேடு, அக்கம்பக்கத்தார் சாட்சியம் ஆகியவைதான் எடை பெறும். வாதம் உடைவது பின்நடத்தையில்: கத்தியை ஒளித்தது, சட்டையைத் துவைத்தது, பஸ் ஏறி வேறு ஊர் போனது. தவறு என்று தெரியாதவர் ஏன் ஒளிய வேண்டும் என்று கேட்பார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, விசாரணை நேரத்து மனநிலை. எதிரி இப்போது தன் வழக்கைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தால் நடைமுறைச் சட்டத்தின் 367, 368-வது பிரிவுகளின்படி விசாரணை தள்ளிவைக்கப்படும், வழக்கு முடிந்துவிடாது. 22-ன் கீழ் விடுதலையானவரும் அன்று மாலையே வீட்டுக்குப் போக மாட்டார். பாதுகாப்பான காவலில் வைக்கவோ, பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவோ கோர்ட் உத்தரவிடும்.

சம்பவத்தன்று வெளியூரில் இருந்தார் என்கிறது குடும்பம். செல்போன் டவரும் அப்படித்தான் காட்டுகிறதாம்.

டவர் காட்டுவது போன் இருந்த பகுதியை. ஆள் இருந்த இடத்தை அல்ல. வேறிடத்தில் இருந்தார் என்ற வாதம் ஏற்கப்பட, அந்த நேரத்தில் சம்பவ இடத்துக்கு வந்திருக்கவே முடியாது என்ற அளவுக்குத் தூரமும் நேரமும் பொருந்த வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளிக் கல்யாண வீட்டில் இருந்தேன் என்பது பயன்படாது.

குடும்பம் உடனே செய்ய வேண்டியது ஆதாரத்தைக் காப்பாற்றுவது. லாட்ஜ், பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமராப் பதிவுகளில் பழையதன்மேல் புதியது சில வாரங்களில் ஏறிவிடும். எழுத்தில் கேளுங்கள், கோர்ட் மூலம் வரவழைக்க மனு போடுங்கள். மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டம் 63-ன்படி சான்றிதழ் வேண்டும். பென் டிரைவை மட்டும் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். பொய்யான வெளியூர்க் கதை சொல்லி மாட்டினால், எதிரிக்கு எதிரான கூடுதல் கண்ணியாக அதையே அரசுத் தரப்பு காட்டும்.

முகத்தைத் துணியால் மூடி அழைத்துப் போவது அவருக்கு மரியாதை தரவா?

அடையாள அணிவகுப்புக்காக. சாட்சி முன்பின் அறியாத ஆளை, ஒத்த தோற்றமுள்ள பலரோடு நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சிறையில் அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே படம் எல்லாச் செல்போனிலும் சுற்றிவிட்டால் "டிவியில் பார்த்துத்தான் காட்டினார்" என்று எதிரித் தரப்பு சொல்லும், பெரும்பாலும் அது எடுபடும். நீதி வேண்டும் என்று படத்தைப் பகிர்பவர்கள் எதிரிக்கே உதவிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாதாட வக்கீல்கள் எப்படி முன்வருகிறார்கள்? சங்கம் தடுக்கக் கூடாதா?

கூடாது. கோவையில் இருந்து வந்த ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், யாருக்கும் ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வசதியில்லாத எதிரிக்கு அரசுச் செலவில் வக்கீல் தர வேண்டும். வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் ரத்தாகி, சாட்சிகள் எல்லோரும் மறுபடி கூண்டேற வேண்டிவரும். இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் அது கொடுமை.

90 நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு பலவீனமா?

தொடர்பில்லை. கொலை வழக்கில் ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் எதிரியின் உரிமை (நடைமுறைச் சட்டம் 187). ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். 91-ம் நாள் காலையில் மனுவா குற்றப்பத்திரிகையா, எது முந்துகிறது என்பதில் போகும் வழக்குகள் உண்டு.

கோர்ட்டில் அவர் ஏன் வாயே திறக்கவில்லை? பேசாமல் இருப்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல்தானே?

தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டம் 20(3). நார்கோ பரிசோதனையை (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைப்பது) சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதன் அடிப்படையில்தான். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் தானே கேள்வி கேட்பார் (நடைமுறைச் சட்டம் 351, பழைய 313). அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மௌனம் இடிக்கும். பூட்டிய வீட்டுக்குள் இருந்தது இருவர், ஒருவர் பிணம் என்றால், உள்ளே நடந்ததை உயிரோடிருப்பவர்தான் அறிவார். அதற்கு அவர் விளக்கம் தர வேண்டும் (சாட்சியச் சட்டம் 109, பழைய 106). ஆனால் இருவரும் அந்த நேரத்தில் உள்ளேதான் இருந்தார்கள் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் "அவர் ஏன் விளக்கவில்லை?" என்று கேட்டு வாங்கிய தண்டனைகள் மேல்முறையீட்டில் நிற்பதில்லை.