மின்ட் சிகரெட் ‘லைட்’டானதா? பீடி பரவாயில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, காட்பாடியில் கல்லூரிப் படிப்பு. புதினா வாசம் வரும் சிகரெட் பிடிக்கிறான். ‘இது லைட்டானதும்மா’ என்கிறான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அக்கா மகன் பீடி பிடிக்கிறான். டிவியில் விளம்பரமே இல்லையே, இவர்களுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது? எப்படி நிறுத்துவது?
- வாசகி, வேலூர்

பதில்: லைட்டெல்லாம் இல்லையம்மா. ஃபில்டருக்குள் இருக்கும் சின்ன உருண்டையை நசுக்கினால் மெந்தால் வெளிவரும். அது தொண்டையைக் குளிரவைத்துப் புகையின் எரிச்சலை மறைக்கிறது. புதிதாகப் பிடிப்பவனை இருமவைத்துத் தடுப்பதே அந்த எரிச்சல்தான். அது போனால் ஆழமாக இழுப்பான்.

2003-இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் டிவி, பத்திரிகை விளம்பரங்களைத் தடுத்தது. விற்கும் கடையில் வைக்கும் விளம்பரத்துக்கு ஒரு விலக்கு விட்டுவைத்தது. அதனால் விளம்பரம் இப்போது பெட்டிக்கடையில் இருக்கிறது, அதுவும் ஆளுக்குத் தகுந்தபடி. படிக்கிற பையனுக்குப் பளபளக்கும் பெட்டி, வாசனை, ‘க்ளிக்’ சத்தம். கூலிக்குப் போகிற பையனுக்கு விலை. சிகரெட் வரி நீளத்தைப் பார்த்துப் போடப்படுவதால், கம்பெனிகள் குட்டை சிகரெட்டை மலிவாக இறக்குகின்றன. அதுவும் கட்டுப்படியாகாதவனுக்குப் பீடிக்கட்டு. குடியாத்தம் பக்கம் வீட்டுக்குள்ளேயே சுற்றப்படும் பொருள், சிறுவயதிலிருந்தே கண்ணுக்குப் பழகியது. அதற்குத் தனியாக விளம்பரம் எதற்கு?

எனக்குக் கோபம் வருவது சில்லறை விற்பனையைப் பார்த்துத்தான். ஒத்தையாக வாங்குகிறவன் கையில் பெட்டியே வருவதில்லை. பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படமும், நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அவன் கண்ணில் படாமலே போகின்றன. அந்த எண்ணை இருவர் போனிலும் இன்றே பதிந்துவையுங்கள்.

‘வெறும் இலைதானே’ என்று பீடியை நம்பவும் வேண்டாம். அந்த இலை சீக்கிரம் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடும் நிகோடினும் சிகரெட்டைவிடக் கூடுதலாக உள்ளே போகும்.

நிறுத்துவதற்கு முன் இருவரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம்? அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். எது, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளட்டும். பலர் இதைப் பபிள்கம் போல மென்று தள்ளிவிட்டு, ‘விக்கல்தான் வருது, வேலை செய்யல’ என்று விட்டுவிடுகிறார்கள். நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி கூடாது. அவை நிகோடின் ஏறுவதைக் கெடுக்கும்.

முதல் மூன்று நாள் எரிந்து விழுவார்கள், தூக்கம் கெடும். திட்டாதீர்கள். தம் அடிக்கத் தோன்றும் வேகம் சில நிமிடத்தில் தணியும். அந்த நாட்களில் கடன் சொல்லி வாங்கும் கடைப் பக்கம் போகாமல் வேறு தெருவில் போகச் சொல்லுங்கள். டீயை வீட்டிலேயே கொடுங்கள்.

அக்கா மகனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பீடி இருமல் என்று விடாமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசு கிடையாது.