டிஜிட்டல் ஓவியம்: ஒளி எங்கே, நிழல் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கணினியிலும் கைபேசியிலும் கதாபாத்திரங்களை வரைந்து வண்ணம் தீட்டப் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கோட்டோவியம் ஓரளவு நன்றாகவே வருகிறது. வண்ணம் தீட்டும்போது ஒவ்வொரு பகுதியின் விளிம்பையும் சுற்றி, மங்கிய ஓரம் கொண்ட ஏர்பிரஷ் தூரிகையால் இருட்டாக்கி, நடுவில் வெளிச்சம் வைக்கிறேன். முகம் உப்பியது போல் தெரிகிறதே தவிர, உருவம் திரண்டு வருவதில்லை. எங்கே தவறுகிறேன்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: எல்லா விளிம்புகளையும் இருட்டாக்கும்போது, பார்ப்பவரின் கண்ணிலிருந்தே ஒளி புறப்பட்டு ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் நேராக விழுவதாகப் படம் சொல்கிறது. மூக்கு, கன்னம், தோள், சட்டைக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு விளக்கு வைத்தது போல் ஆகிவிடுவதால், அவை ஒரே உடலின் பகுதிகளாகச் சேர்வதில்லை. ஆகவே வண்ணத்தைத் தொடுவதற்கு முன், ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை முடிவு செய்யுங்கள். அதை ஒரு தனி லேயரில் (படத்தின்மீது ஒளிபுகும் தாள் போல் வைக்கும் அடுக்கில்) அம்புக்குறியாக வரைந்து, வேலை முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். தொடக்கத்தில், இடப்பக்க மேல்மூலையிலிருந்து ஏறக்குறைய 45 பாகையில் சரிந்து விழும் ஒளியே பழகுவதற்கு எளியது.

அதன்பின் ஒவ்வொரு பரப்பையும் பார்த்து, இது ஒளியை நோக்கியிருக்கிறதா, ஒளியை விட்டு விலகியிருக்கிறதா என்று கேளுங்கள். மேலிருந்து ஒளி வந்தால் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பின் மேற்புறம், கீழுதடு ஆகியவை வெளிச்சம் பெறும். கண்குழி, மூக்கின் அடிப்புறம், மேலுதடு, கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், தாடையின் அடிப்பகுதி ஆகியவை இருளும். மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது பெரும்பாலும் கீழுதட்டைவிட இருண்டே தெரியும் என்ற ஒரு செய்தியை மனத்தில் கொண்டாலே, வாய் முகத்தோடு பொருந்தத் தொடங்கிவிடும்.

நிழலிலும் இரண்டு வகை உண்டு. ஒரு பரப்பு வளைந்து மெல்ல மெல்ல ஒளியை விட்டு விலகுவதால் உண்டாகும் நிழலுக்கு ஓரம் மென்மையாக இருக்கும். ஒரு பொருள் ஒளியை மறித்து இன்னொன்றின்மீது போடும் நிழலுக்கோ, அந்தப் பொருளுக்கு அருகில் ஓரம் கூர்மையாகவும், தொலைவு செல்லச் செல்ல மங்கலாகவும் இருக்கும். கன்னத்தின் வளைவில் காண்பது முதல் வகை. மூக்கு கன்னத்தின்மீதும், தாடை கழுத்தின்மீதும், முன்முடி நெற்றியின்மீதும் போடுவது இரண்டாம் வகை. ஏர்பிரஷ் இந்த இரண்டையும் ஒரே அளவில் மங்கலாக்கிவிடுகிறது. முகம் உப்பித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே சிறிது காலம் ஏர்பிரஷ்ஷையும், நிறங்களைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவியையும் ஒதுக்கி வையுங்கள். தட்டையான அடிநிறம் ஒன்று, அதன்மீது கூர்மையான ஓரமுள்ள நிழல்நிறம் ஒன்று என்று இரண்டே நிறங்களில் முகத்தைக் கொண்டுவர முயலுங்கள். பழைய அனிமேஷன் படங்களில் ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்களின் பின்புறத்தில் வண்ணம் பூசினார்கள். ஒரே பாத்திரத்தை ஆயிரக்கணக்கான தாள்களில் தீட்ட வேண்டியிருந்ததால், மிகச் சில நிறங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். சிக்கனத்துக்காகப் பிறந்த அந்த முறை மாணவருக்குப் பெரிய நன்மை செய்கிறது: நிழல் எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவே அது விடுவதில்லை. இரண்டு நிறங்களிலேயே முகம் முகமாகத் தெரிந்துவிட்டால், பிறகு எந்த ஓரங்களை மென்மையாக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

கேள்வி: கிரிதா என்னும் ஓவிய மென்பொருளில், கீழே உள்ள உருவத்துக்குள் மட்டும் நிறம் விழச் செய்யும் ‘இன்ஹெரிட் ஆல்பா’ வசதியைப் போட்டும் நிழல் உருவத்துக்கு வெளியே வழிகிறது. மேலும், பக்கெட் கருவியால் நிறம் நிரப்பினால் கோட்டை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கிரிதாவில் அந்த வசதி, தனக்கு நேர் கீழே உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை, ஒரே குழுவுக்குள் தனக்குக் கீழே உள்ள எல்லா லேயர்களையும் சேர்த்தே எல்லையாக எடுத்துக்கொள்கிறது. அடியில் வெள்ளைப் பின்னணி முழுமையாக நிரம்பியிருந்தால், எல்லை முழுத்தாளாகிவிடும். அடிநிற லேயரையும் நிழல் லேயரையும் ஒரு குழுவுக்குள் போட்டுப் பின்னணியை வெளியே விட்டால் சிக்கல் தீரும்.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம், கோட்டின் ஓரத்தில் உள்ள பாதி ஒளிபுகும் பிக்சல்கள். நிரப்பும் கருவியின் அமைப்பில் தேர்வை ஓரிரு பிக்சல் விரிவாக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, நிறத்தைக் கோட்டுக்கு அடியிலுள்ள தனி லேயரில் நிரப்புங்கள்.

கேள்வி: இணையப் பாடங்களில் பெரும்பாலும் வெளிர்ந்த தோலுக்கே வண்ணம் காட்டுகிறார்கள். நான் வரையும் பாத்திரங்கள் மாநிறமும் கருநிறமும் கொண்டவர்கள். அதே முறையைப் பின்பற்றினால் தோல் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடுகிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. நம் முகங்களை நம் ஓவியங்களில் உயிரோடு தீட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குரிய வழியும் கடினமானதன்று.

பழுப்பு என்பது வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுப் பகுதியில் உள்ள நிறம், பிரகாசம் மட்டும் குறைந்தது. வெளிச்சம் படும் இடத்தைக் காட்ட வெள்ளையைக் கலக்கும்போது நிறத்தின் செறிவு குறைந்துவிடுகிறது. சாம்பல் பூப்பது அங்கிருந்துதான். அதற்குப் பதிலாகப் பிரகாசத்தை உயர்த்தி, செறிவைப் பெரிதும் குறைக்காமல், நிறத்தைச் சற்றே மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள்.

நிழலுக்கு ‘மல்டிப்ளை’ என்ற கலப்பு முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படும். அது கீழே உள்ள நிறத்தையும் மேலே உள்ள நிறத்தையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. அதனால் விளைவு ஒருபோதும் பழைய நிறத்தைவிட வெளிராது. சிவப்பு 150, பச்சை 95, நீலம் 65 என்ற மாநிறத்தின்மீது மூன்றும் 170 ஆன சாம்பலைப் பெருக்கினால் 100, 63, 43 கிடைக்கும்: நிறத்தின் திசை மாறாமல் வெறும் இருட்டு மட்டும் கூடுகிறது. அதே மாநிறத்தின்மீது 170, 160, 200 என்ற வெளிர் ஊதாவைப் பெருக்கினால் 100, 60, 51 வரும். ஏறக்குறைய அதே அளவு இருட்டு, ஆனால் நிறம் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. இந்தச் சிறு நகர்வுதான் நிழலுக்குள்ளும் தோலைத் தோலாக வைத்திருக்கிறது. வெயிலில் நிற்பவரின் நிழற்பகுதிக்கு நீல வானத்தின் ஒளி வந்து சேர்வதால், வெளிக்காட்சிகளில் இந்த ஊதாச் சாயல் இயற்கையாகவே பொருந்தும். விளக்கொளியில், அறைச் சுவரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மினுக்கம். தோலுக்குள் நுழைந்து சிதறி வெளிவரும் ஒளியைத் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. தோலின் மேற்பரப்பிலுள்ள எண்ணெயிலும் வியர்வையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கருநிறத் தோலில் அடிநிறம் ஆழமாகவும், மினுக்கம் அதன்மீது தெளிவாகவும் தெரியும். மூக்கு நுனி, நெற்றி, கன்ன எலும்பு, தோள் ஆகிய இடங்களில் சிறிய, கூர்மையான மினுக்கங்களை வையுங்கள். அவற்றின் நிறம் தோலின் நிறமாக இல்லாமல் ஒளியின் நிறமாக இருக்கட்டும்: திறந்த வானத்தின் கீழே நீலச் சாயல், குண்டு பல்பின் கீழே மஞ்சள் சாயல். வெளிர்தோலில் உருவத்தைக் காட்டும் வேலையை நிழல் பெரும்பாலும் செய்துவிடும். கருநிறத் தோலில் அந்த வேலையின் பெரும்பங்கை மினுக்கம் ஏற்றுக்கொள்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிர்ந்திருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: வண்ணப் பெட்டியில் அழகாகத் தெரியும் நிறம், படத்தில் வைத்ததும் மாறித் தெரிகிறது. மஞ்சள் புடவையும் நீல ரவிக்கையும் ஒரே பிரகாச எண்ணில் இருந்தும், ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று இருண்டும் இருக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியல் அறிஞர் செவ்ரேலுக்கும் இதே சிக்கல் வந்தது. கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்திலுள்ள நிறங்கள் கண்ணில் ஏற்படுத்தும் மாற்றத்தில் இருக்கிறது என்று அவர் கண்டார். அந்த ஆய்வு 1839-இல் நூலாக வெளிவந்தது. வெள்ளைத் தாளில் தொடங்கினால் எல்லா நிறமும் இருண்டே தெரியும் என்பதால், பின்னணியை நடுத்தரச் சாம்பலாக வைத்துத் தொடங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. நிறம், செறிவு, பிரகாசம் என்ற மூன்று எண்களால் வண்ணத்தைக் குறிக்கும் எச்.எஸ்.வி. முறையின் பிரகாச எண், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அடிப்படை நிறங்களில் மிகப் பெரியதை மட்டுமே பார்க்கிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. கணினித் திரைகளின் எஸ்.ஆர்.ஜி.பி. முறையில், கண் உணரும் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 71.5 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21.3, நீலத்தின் பங்கு வெறும் 7.2. திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது என்பதால்தான் அது நீலத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே படத்தின் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் கலப்பு முறையை ‘கலர்’ என்று மாற்றி, அவ்வப்போது கறுப்பு வெள்ளையில் சரிபாருங்கள். அந்த நிலையிலும் முகமும் உடையும் பின்னணியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும்.

கேள்வி: பட்டுப் புடவையைத் தீட்டினால் பிளாஸ்டிக் போல வருகிறது.
– இல்லத்தரசி, காஞ்சிபுரம்

பதில்: உங்கள் ஊரிலேயே சிறந்த மாதிரிகள் இருக்கின்றன. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறமும் ஊடை (குறுக்குவாட்டு நூல்) வேறொரு நிறமுமாக நெய்த பட்டில், பார்க்கும் கோணம் மாற மாற நிறமும் மாறும். மயில்கழுத்து நிறத்தில் நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றுவது அதனால்தான். எனவே கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும், ஒளியை விட்டுத் திரும்பும் பக்கத்துக்கு அதே நிறத்தின் இருட்டை வைக்காமல் இரண்டாம் நிறத்தை வைத்துப் பாருங்கள். மினுக்கத்தைப் புள்ளியாக வைக்காதீர்கள். மடிப்பின் முகட்டை ஒட்டி நீண்டு, மெல்ல மறையும் பட்டையாக வையுங்கள். சரிகை உலோகம் என்பதால் அதன் மினுக்கம் பொன்னிறச் சாயலோடே இருக்க வேண்டும். அங்கே தூய வெள்ளை வைத்தால் வெள்ளிச் சரிகையாகிவிடும். பருத்திப் புடவைக்குக் கூர்மையான மினுக்கம் தேவையே இல்லை.

கேள்வி: பேனா டேப்ளட் இல்லாமல் கைபேசியில் விரலாலேயே கற்றுக்கொள்ள முடியுமா?
– பள்ளி மாணவர், விருதுநகர்

பதில்: முடியும். ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலிகளிலும் லேயர், க்ளிப்பிங் (நிறத்தைக் கீழே உள்ள உருவத்துக்குள் அடக்கும் வசதி), மல்டிப்ளை எல்லாம் உண்டு. இரண்டு நிற நிழலுக்கு அழுத்தத்தை உணரும் பேனா தேவையில்லை. லாசோ என்னும் தேர்வுக் கருவியால் நிழலின் வடிவத்தைச் சுற்றி வளைத்துத் தேர்ந்து, நிறம் நிரப்பினாலே போதும்.

கேள்வி: திரையில் சரியாக இருந்த என் படம், அச்சிட்டபோது நிழல்கள் அடைத்துக்கொண்டு, நீலம் மங்கிப்போய் வந்தது. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: திரை தானே ஒளிவிடுகிறது; தாள் தன்மீது விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. நான்கு மைகளைக் கொண்டு அச்சிடும்போது, திரையில் காணும் பளீர் நீலமும் பளீர் பச்சையும் எட்ட முடியாதவை. கிரிதாவில் அச்சு எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் ‘சாஃப்ட் ப்ரூஃபிங்’ வசதி இருக்கிறது. அச்சகத்தாரிடம் அவர்களுடைய அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதைக் குறிக்கும் வண்ணக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதை வைத்துப் பாருங்கள். நிழல்களைச் சற்று வெளிறச் செய்து ஒரு தனிப் பிரதியைச் சேமியுங்கள். ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் படம் 2480-க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். இந்த அளவைப் படம் தொடங்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய படத்தைப் பின்னால் பெரிதாக்கினால், கூர்மையாகத் தீட்டிய நிழலோரங்களெல்லாம் மங்கிவிடும்.