பாஸ்போர்ட் அறையிலா, கையிலா?

கேள்வி: குடும்பத்தோடு வெளிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கப் போகிறோம். திருட்டும் உண்டு, நிலநடுக்கமும் சுனாமியும் உண்டு என்கிறார்கள். பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் வைப்பதா, கையோடு கொண்டுபோவதா?

பதில்: முதலில் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜப்பானில் சுற்றுலா வந்தவர் எந்நேரமும் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். அப்படிக் கட்டாயம் இல்லாத இடத்தில் அறை லாக்கரே மேல். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் வேறொரு பையில் இருக்கட்டும். அசல் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் புகார் ரசீதும் இந்த நகலும் இருந்தால்தான் தூதரகத்தில் வேலை சுருக்காக முடியும்.

உண்மையில் பாஸ்போர்ட்டைவிடப் போன் பறிபோவதுதான் இன்று பெரிய தலைவலி. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கி ஓடிபி திருடனுக்குப் போய்விடும். கிளம்புமுன் சிம்முக்கு 'பின்' (PIN) என்ற ரகசிய எண் வையுங்கள். வைக்கும்போது பழைய பின் கேட்கும், ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு பூட்டைத் திறக்கும் பியுகே (PUK) எண் இல்லாமல் திறக்காது. இரண்டையும் சிம் நிறுவனத்திடம் முன்பே கேட்டு வாங்குங்கள்.

சாதாரண உடையில் வந்து 'போலீஸ், பர்ஸைக் காட்டு' என்பவரிடம் பர்ஸை நீட்ட வேண்டாம். ஸ்டேஷனுக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். போலி ஆள் பெரும்பாலும் அதோடு நழுவிவிடுவான்.

இனி கடல். கரையோரத்தில் 20 விநாடிக்கு மேல் பலமாக ஆடினால், ஆட்டம் நின்றதும் மேட்டுக்கு ஓடுங்கள். சங்கு ஊதட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்காக ஆட்டம் தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பூமி அதிர்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தாய்லாந்தின் புக்கெட்டை அலை அடித்தது. கடல் திடீரென உள்வாங்கினாலும் அதே ஓட்டம்தான். மேடு எட்டவில்லையா, உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறுங்கள், படிக்கட்டில். லாக்கரைத் திறக்கத் திரும்பாதீர்கள். நகல் எடுத்துவைத்ததே இதற்கும்தான். முதல் அலையைவிட அடுத்தது பெரிதாக வரலாம், பல மணி நேரம் வந்துகொண்டே இருக்கலாம். அதிகாரிகள் சொல்லும்வரை இறங்க வேண்டாம்.

இரவில் கட்டிலருகே செருப்பல்ல, ஷூ இருக்கட்டும். நிலநடுக்கத்தில் கண்ணாடிச் சில்லு காலைக் கிழிப்பது சகஜம். பிரிந்துபோனால் கூட வேண்டிய மேட்டை முதல் நாளே நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். பேரிடர் நேரத்தில் போன் அழைப்பு கிடைப்பது கடினம், எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம்.