திங்களா, வெள்ளியா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்துவிட்டதாக எங்கள் ஆபீசில் ஒரு வரி ஈமெயில் வந்தது. பாதிப் பேர் திங்கள் என்கிறார்கள், பாதிப் பேர் வெள்ளி என்கிறார்கள். மேனேஜரைக் கேட்டால் ‘ஜஸ்ட் நவ் சொல்கிறேன்’ என்று போய்விட்டார். எது சரி?
- ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: ஜஸ்ட் நவ் என்றாரா? அப்படியானால் திங்களும் போகும், வெள்ளியும் போகும், நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நம் தென்னாப்பிரிக்காவில் ஜஸ்ட் நவ் என்றால் ‘இப்போது இல்லை’ என்பது மட்டும் நிச்சயம். இங்கே பேசப்படும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் ‘நெட்நௌ’ என்று ஒரு சொல் உண்டு, சற்றுமுன் நடந்ததற்கும் அதுதான், இனி நடக்கப்போவதற்கும் அதுதான். அந்தக் காற்று நம் இங்கிலீஷிலும் அடித்துவிட்டது. ‘நவ் நவ்’ என்று இரண்டு தடவை சொன்னால் கொஞ்சம் நம்பலாம், டீக்குத் தண்ணீர் வைக்கலாம். என் வீட்டுக் கூரை ஒழுகலை அடைக்க ஜஸ்ட் நவ் வருவதாகச் சொன்ன ஒருவர், மழைக்காலமெல்லாம் முடிந்த பிறகு வந்து, எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள் என்றார்.

சரி, உங்கள் மீட்டிங். ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை, திங்கள். ‘புஷ் பேக்’ என்றிருந்தால் வெள்ளி. அமெரிக்கர்கள் ‘மூவ் அப்’ என்பார்கள், அதுவும் திங்கள்தான். இந்த மூவ் ஃபார்வர்டுதான் ரெண்டுங்கெட்டான். காலத்துக்குள் நாம் நடந்து போகிறோம் என்று நினைக்கிறவருக்கு முன்னால் இருப்பது வெள்ளி. நாம் நிற்கிறோம், காலம்தான் நம்மை நோக்கி வருகிறது என்று நினைக்கிறவருக்கு மீட்டிங் இரண்டு நாள் கிட்டே வந்துவிட்டது, ஆகவே திங்கள். போரொடிட்ஸ்கி, ராம்ஸ்கர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே புதன்கிழமைக் கேள்வியை விமான நிலையத்தில் கேட்டுப் பார்த்து 2002-இல் கட்டுரை எழுதினார்கள். அப்போதுதான் பறந்துவந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளி என்றார்கள். ஆளைக் கூட்டிப்போக வந்து நின்றிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. உங்கள் ஆபீசும் பாதிக்குப் பாதி என்றால், அங்கே யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று தெரிகிறது. நீங்கள் திங்களே போய்விடுங்கள், தப்பானாலும் வெள்ளி கையில் இருக்கும்.

தேதியை நகர்த்துகிற பேச்சு வந்தாலே எனக்குத் தீபாவளி ஞாபகம் வந்து ரத்தம் கொதிக்கிறது. நாம் சதுர்த்தசி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள், இந்திக்காரர்கள் அமாவாசை இரவில் விளக்கு வைக்கிறவர்கள், அதனால் சில வருஷம் இரண்டு தேதி வரும். வந்தால் என்ன? உடனே ஒரு சமாதானக்காரர் கிளம்பிவிடுவார், எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடினால் அரசாங்கம் லீவு விடுமே, நீங்கள் கொஞ்சம் மூவ் பண்ணக்கூடாதா என்று. அது என்ன, எப்போதும் நாம்தான் மூவ் பண்ண வேண்டும்? இந்தப் பத்திரிகையைத் தமிழில் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கோம்பி வேனுக்குள் அடங்கிவிடுவோம் என்பதாலா? போன தடவை இதை எழுதியதற்கு அந்தச் சமாதானக்காரர் சந்தாவை நிறுத்திவிட்டார், நிறுத்தட்டும். முதல் நாள் நம் வீட்டுப் பலகாரத் தட்டு பக்கத்து வீட்டு இந்திக்கார அம்மாவுக்குப் போகிறது, மறுநாள் அவர்கள் தட்டு நமக்கு வருகிறது. ஒரே நாளாக்கினால் இரண்டு வீட்டிலும் தின்ன வயிற்றில் இடம் ஏது?