கோழிக் கூண்டுக்குச் சூடேற்றும் விளக்கு வாங்கலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் ஆறு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். மார்கழிக் குளிருக்கு முன் கூண்டைத் தயார் செய்யலாம் என்று கடையில் விசாரித்தேன். 250 வாட் விளக்கும், கூண்டை முழுசாக மூடும் பிளாஸ்டிக் உறையும் கட்டாயம் வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? முட்டையும் குறைந்துவிட்டது.
– வாசகி, கொளத்தூர்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

சென்னையில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரி, அதற்கு மேல் இறகு வேறு. வளர்ந்த கோழிக்கு இந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. கொண்டை விறைத்துப்போகும் அளவுக்குப் பனி கொட்டும் நாடுகளின் யோசனையை இங்கே விற்கிறார்கள். அந்த விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட் ஆகும். கரண்ட் பில்கூடப் பரவாயில்லை, உமி பரப்பிய கூண்டில் விளக்கு கழன்று விழுந்தால் தீப்பிடிக்கும்.

நம் ஊர்க் கோழிக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம்தான். ஒரு மழைக்காலத்தில் நானே கூண்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிட்டேன். காலையில் திறந்ததும் கண் எரிந்தது. நனைந்த எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா! இரவு முழுக்க அதையேதான் கோழிகள் சுவாசித்திருக்கின்றன. அப்புறம் சளி, குறட்டைச் சத்தம். ஈர உமியில் ரத்தக் கழிச்சலும் சுலபமாகப் பரவும்.

அதனால் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்குங்கள். காற்றும் சாரலும் வரும் வடகிழக்குப் பக்கம் மட்டும் கட்டுங்கள். மேலே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும், காற்று போக வேண்டும். கூரை ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தால் பாதிக் கவலை தீரும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள், விடியற்காலையில் உள்ளே நீர் சொட்டுவது குறையும். மாடியில் தண்ணீர் அடியில் ஓடும்படி கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் மூன்று அங்குலம் உமி, தினமும் கிளறி விடுங்கள், நனைந்ததை அள்ளி வெளியே போடுங்கள். வலை வாங்கும்போது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய கோழி வலையைப் பெருச்சாளி கடித்துவிடும். தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

முட்டைக் குறைவுக்கும் குளிர் காரணமில்லை. நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். டிசம்பரில் நமக்குப் பகல் பொழுதே பதினொன்றரை மணி நேரம்தான். இறகு உதிர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்தும். இதற்கு டானிக் எதுவும் வாங்க வேண்டாம், ஓய்வெடுக்கட்டும். ஆனால் கோழி தலை தொங்கி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் காத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

குஞ்சுகள் விஷயம் மட்டும் வேறு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும், வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பத்துக் குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்லாம் பல்புக்கடியில் நெருக்கினால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு அதிகம். அதைப் பார்த்து உயரத்தை மாற்றுங்கள்.